கோப்பின் குழுவை மாற்றும் சிஎச்ஜிஆர்பி கட்டளை கொடுத்த பிறகும் புதுக் கோப்புகள் பழைய குழுவிலேயே வருகின்றன. நிரந்தரமாகச் சரிசெய்வது எப்படி?

வைகைக்கரை:

வணக்கம். உபுண்டு 22.04 சர்வர். /எஸ்ஆர்வி/மலர் என்ற டைரக்டரியில் ஒரு இணைய இதழின் கட்டுரைகளும் படங்களும் இருக்கின்றன. கயல், முகில், தேன் என்று மூன்று பயனர்கள் அதில் எழுத வேண்டும். என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் படித்துக் காட்டினால் போதும், எழுதத் தேவையில்லை.

ஆசிரியர் என்று ஒரு குழு உருவாக்கி மூன்று பேரையும் சேர்த்தாகிவிட்டது. அதன் பிறகு நடப்பவை:

1. கயல் தன் கணக்கிலிருந்து சிஎச்ஜிஆர்பி -ஆர் ஆசிரியர் /எஸ்ஆர்வி/மலர் என்று கொடுத்தால் சில கோப்புகள் மாறுகின்றன. மற்றவற்றுக்கு "ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்" என்று வருகிறது. சூடோ போட்டால் (ரூட் உரிமையோடு ஓட்டினால்) எல்லாம் மாறிவிடுகின்றன.

2. அதற்குப் பின் முகில் உருவாக்கும் கோப்புகள் ஆசிரியர் குழுவில் வராமல், முகில் என்ற அவருடைய சொந்தக் குழுவிலேயே வருகின்றன.

3. தேன் குழுவில் இருக்கிறார் என்று ஐடி தேன் காட்டுகிறது. ஆனாலும் அவருக்கு "பெர்மிஷன் டினைட்".

எல்லாவற்றுக்கும் 777 (எல்லாருக்கும் எல்லா அனுமதியும்) கொடுத்துவிடு என்று சிலர் சொல்கிறார்கள், அதைச் செய்ய விருப்பமில்லை. சரியான வரிசை என்ன?

கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். பெரிய எழுத்து வரும் இடத்தை மட்டும் சொல்லிவிட்டால் போதும்: மேலே உள்ள ஆர் பெரிய எழுத்து.

---

ஆணிவேர்:

777 கொடுக்காதது நல்லது. அந்த சர்வரில் ஓடும் எந்த நிரலுக்கும், உடைந்துபோன ஒரு பிஎச்பி பக்கத்துக்குக்கூட, எழுதும் உரிமை கிடைத்துவிடும்.

முதலில் 1. ஒரு கோப்பின் குழுவை மாற்ற, சாதாரணப் பயனருக்கு இரண்டு தகுதிகள் சேர்ந்து வேண்டும். அவர் அந்தக் கோப்பின் உரிமையாளராக இருக்க வேண்டும். எந்தக் குழுவுக்கு மாற்றுகிறாரோ அந்தக் குழுவில் உறுப்பினராகவும் இருக்க வேண்டும். கோப்பில் எழுத அனுமதி இருப்பது இதற்குப் போதாது. கயலுக்குச் சொந்தமான கோப்புகள் மாறின, முகிலுடையவை மாறவில்லை, அவ்வளவுதான் காரணம். ரூட்டுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை, அதனால் சூடோவில் எல்லாம் மாறின.

அந்த இரண்டு பிழைச்செய்திகளும் ஒன்றல்ல என்பதைக் கவனியுங்கள். "ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்" என்றால் கோப்பு வரை போக முடிந்தது, ஆனால் இந்தச் செயலைச் செய்ய உனக்கு உரிமையில்லை என்று பொருள். "பெர்மிஷன் டினைட்" என்றால் படிக்க, எழுத, அல்லது வழியில் உள்ள ஏதோ ஒரு டைரக்டரியைக் கடக்க அனுமதி இல்லை. முதலாவதைக் கண்டால் உரிமையாளர் யார் என்று பாருங்கள். இரண்டாவதைக் கண்டால் பாதையைப் பாருங்கள். நேம்ஐ -எல் /எஸ்ஆர்வி/மலர்/கட்டுரைகள் என்று கொடுத்தால் தொடக்கத்திலிருந்து ஒவ்வொரு படியின் உரிமையாளர், குழு, அனுமதி மூன்றும் வரிசையாக வரும்.

இப்போது 2. சிஎச்ஜிஆர்பி மாற்றுவது அந்த நொடியில் இருக்கும் கோப்புகளை மட்டும். நாளை பிறக்கப்போகும் கோப்பு எந்தக் குழுவில் பிறக்கும் என்பதை அது முடிவு செய்வதில்லை. லினக்ஸில் புதுக் கோப்பு, அதை உருவாக்கும் புராசஸின் முதன்மைக் குழுவை எடுத்துக்கொள்ளும். முகிலின் முதன்மைக் குழு முகில். டைரக்டரியில் செட்ஜிஐடி பிட் இருந்தால் மட்டும் இந்த வழக்கம் மாறி, புதுக் கோப்பு டைரக்டரியின் குழுவை எடுத்துக்கொள்ளும். அதற்குள் உருவாகும் துணை டைரக்டரிகள் குழுவோடு அந்த பிட்டையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும். ஏற்கெனவே இருக்கும் துணை டைரக்டரிகளுக்கு அது தானாகப் போகாது. பலர் தவறவிடும் இடம் இது: மேல் டைரக்டரிக்கு மட்டும் பிட் கொடுத்துவிட்டு, உள்ளே பழைய படங்கள் டைரக்டரியில் ஏன் வேலை செய்யவில்லை என்று தேடுவார்கள்.

மொத்த வரிசை:

சூடோ சிஎச்ஜிஆர்பி -ஆர் ஆசிரியர் /எஸ்ஆர்வி/மலர்

சூடோ சிஎச்மாட் -ஆர் யூ=ஆர்டபிள்யூஎக்ஸ்,ஜி=ஆர்டபிள்யூஎக்ஸ்,ஓ=ஆர்எக்ஸ் /எஸ்ஆர்வி/மலர்

சூடோ ஃபைண்ட் /எஸ்ஆர்வி/மலர் -டைப் டி -எக்செக் சிஎச்மாட் ஜி+எஸ் {} +

சிஎச்மாட் அனுமதியை மாற்றும் கட்டளை: யூ உரிமையாளர், ஜி குழு, ஓ மற்றவர்கள்; ஆர் படிக்க, டபிள்யூ எழுத, எக்ஸ் இயக்க அல்லது டைரக்டரிக்குள் நுழைய. முதல் இரண்டிலும் -ஆர் பெரிய எழுத்து. இரண்டாவது கட்டளையில் வரும் மூன்று எக்ஸும் பெரிய எழுத்து. அது முக்கியம்: பெரிய எக்ஸ் டைரக்டரிகளுக்கும் ஏற்கெனவே இயங்கும் அனுமதி உள்ள கோப்புகளுக்கும் மட்டும் அந்த அனுமதியைத் தரும். சின்ன எக்ஸ் போட்டால் எல்லாக் கட்டுரையும் படமும் இயங்கும் கோப்பாகிவிடும்.

குழுவை முதலில், அனுமதியை அடுத்ததாக. ஜி+டபிள்யூ முதலில் கொடுத்தால், குழு மாறும்வரை பழைய குழுவில் உள்ளவர்கள் எல்லோருக்கும் எழுதும் உரிமை கிடைக்கும். இன்னொரு காரணமும் உண்டு: டைரக்டரி அல்லாத கோப்பின் உரிமையாளரையோ குழுவையோ மாற்றும்போது, லினக்ஸ் கெர்னல் அதில் உள்ள செட்யூஐடி (யார் ஓட்டினாலும் உரிமையாளரின் உரிமையோடு ஓடவைக்கும் பிட்), செட்ஜிஐடி பிட்டுகளை அழித்துவிடும். ரூட்டாக மாற்றினாலும் அப்படித்தான். கோப்புக்குத் தனியாகக் கொடுத்த கேப்பபிலிட்டிகளும் (ரூட் உரிமையின் சில துண்டுகள்) போய்விடும். டைரக்டரியின் செட்ஜிஐடி இதில் தப்பிக்கும்.

சிஎச்மாட் -ஆர் ஜி+எஸ் என்று ஒரே அடியாகக் கொடுக்க வேண்டாம். கோப்புகளுக்கும் அந்த பிட் விழும். இயங்கும் கோப்பில் அது விழுந்தால், அதை யார் ஓட்டினாலும் ஆசிரியர் குழுவின் உரிமையோடு ஓடும். அதனால்தான் மேலே ஃபைண்ட் வழியாக டைரக்டரிகளுக்கு மட்டும் கொடுத்திருக்கிறேன்.

முடிந்ததும் எல்எஸ் -எல்டி /எஸ்ஆர்வி/மலர் பாருங்கள். குழுவின் மூன்று எழுத்துகளில் கடைசியாகச் சின்ன எஸ் தெரிந்தால் சரி. பெரிய எஸ் தெரிந்தால் செட்ஜிஐடி இருக்கிறது, ஆனால் குழுவுக்கு எக்ஸ் இல்லை என்று பொருள். உள்ளே நுழைய முடியாது.

என்ஜின்எக்ஸ் பயனரை ஆசிரியர் குழுவில் சேர்த்துவிடாதீர்கள். இணையத்தில் பல வழிகாட்டிகள் அப்படித்தான் சொல்கின்றன. படிக்க மட்டும் வேண்டியவருக்கு எழுதும் குழுவில் இடம் எதற்கு? எப்படியும் வெளியே காட்டப்போகும் கோப்புகள், ஆகவே மற்றவர்களுக்கு ஓ=ஆர்எக்ஸ் போதும்.

---

இரவுப்பணி:

3க்கு என் பதில்.

ஐடி தேன் என்று பெயரோடு கொடுத்தால், குழுப் பட்டியலில் இப்போது என்ன எழுதியிருக்கிறது என்பதைக் காட்டும். தேன் தன் டெர்மினலில் வெறும் ஐடி என்று தட்டினால், அந்த ஷெல் உண்மையில் எந்தெந்தக் குழுக்களோடு ஓடுகிறது என்பதைக் காட்டும். இரண்டும் வேறுவேறாக இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. குழுப் பட்டியல் லாகின் ஆகும் நேரத்தில் ஒருமுறைதான் புராசஸில் ஏறும். அதற்குப் பிறகு யூசர்மாட் கொடுத்தாலும் ஏற்கெனவே ஓடும் எந்த ஷெல்லுக்கும் அது தெரியாது.

வெளியேறி மீண்டும் லாகின் செய்தால் சரியாகும் என்பார்கள், பெரும்பாலும் ஆகும். ஆகாத இடங்கள் இவை:

டிமக்ஸ் அல்லது ஸ்கிரீன் (டெர்மினல் அமர்வை உயிரோடு வைத்திருக்கும் நிரல்கள்) பின்னணியில் ஓடிக்கொண்டிருந்தால், புதிதாக எஸ்எஸ்எச் வழி வந்து அதே அமர்வில் ஒட்டிக்கொள்ளும்போது பழைய குழுக்களே இருக்கும். டிமக்ஸ் கில்-சர்வர் கொடுக்க வேண்டும், திறந்திருக்கும் வேலைகளைச் சேமித்துவிட்டு.

சிஸ்டம்டி ஒவ்வொரு பயனருக்கும் தனி மேலாளர் புராசஸ் வைத்திருக்கும். அந்தப் பயனருக்கு லிங்கர் போட்டிருந்தால் லாகவுட் செய்தாலும் அது சாகாது, அதன் கீழ் ஓடும் சேவைகள் பழைய குழுக்களோடு தொடரும். சூடோ லாகின்சிடிஎல் டெர்மினேட்-யூசர் தேன் கொடுத்தால் அந்தப் பயனரின் எல்லாப் புராசஸும் முடியும். புதிய லாகினில் சரியாக வரும்.

விஎஸ் கோடு போன்றவற்றில் தொலைநிலை இணைப்பு வைத்திருந்தால், சர்வர் பக்கம் அதன் புராசஸ் ஒன்று உயிரோடு இருக்கும். சாளரத்தை மூடித் திறப்பது போதாது, அந்தப் புராசஸை நிறுத்த வேண்டும்.

அவசரத்துக்கு நியூஜிஆர்பி ஆசிரியர் என்று தட்டினால், ஆசிரியர் முதன்மைக் குழுவாக ஒரு புது ஷெல் திறக்கும். சோதித்துப் பார்க்க நல்லது. தினமும் அதையே நம்பி வேலை செய்வது சரிவராது, அந்த ஒரு ஷெல்லோடு முடிந்துவிடும்.

குழுவில் சேர்த்த கட்டளையையும் ஒருமுறை சரிபாருங்கள். யூசர்மாட் -ஏஜி ஆசிரியர் தேன் என்பதே சரி: ஏ சின்ன எழுத்து, ஜி பெரிய எழுத்து. ஏ விடுபட்டால் தேன் இருந்த மற்ற துணைக் குழுக்கள் எல்லாவற்றிலிருந்தும் நீக்கப்படுவார், சூடோ குழு உட்பட. அந்தச் சர்வரில் சூடோ உரிமை அவர் ஒருவருக்கு மட்டும் இருந்தால் நிலைமை மோசமாகும். ஜிபாஸ்வேர்டு -ஏ தேன் ஆசிரியர் என்ற மாற்று வழியில் இந்த ஆபத்து இல்லை. ஒரு குழுவில் ஒருவரைச் சேர்ப்பதை மட்டும் அது செய்யும். பயனர் முதலில், குழு பிறகு என்ற வரிசையைக் கவனிக்கவும், யூசர்மாட்டுக்கு நேர் எதிர்.

இதோடு தொடர்புள்ள ஒன்று: தேன் பழைய ஷெல்லில் இருந்துகொண்டு தன் சொந்த டைரக்டரிக்கு ஜி+எஸ் கொடுத்தால், அந்த டைரக்டரியின் குழுவில் அந்த ஷெல் இல்லாததால் கெர்னல் அந்த பிட்டை விழவிடாது. பிழைச்செய்தியும் எதுவும் வராது. கட்டளை வெற்றி என்றே திரும்பும். எல்எஸ் பார்த்தால்தான் தெரியும்.

---

வைகைக்கரை:

மிக்க நன்றி. தேனின் சிக்கல் டிமக்ஸ்தான், சரியாகிவிட்டது. ஆணிவேர் சொன்ன வரிசையும் வேலை செய்கிறது, ஆனால் மூன்று இடங்களில் இன்னும் நிற்கிறது.

வீட்டு டைரக்டரியிலிருந்து எம்வி செய்து கொண்டுவரும் கோப்புகள் பழைய குழுவோடு வருகின்றன, டைரக்டரியில் சின்ன எஸ் இருந்தும். எஸ்எஃப்டிபி வழியாக வருபவை ஆசிரியர் குழுவில் வருகின்றன, ஆனால் அனுமதி 644, அதாவது உரிமையாளர் மட்டும் எழுதலாம். குழுவில் மற்றவர் திருத்த முடியவில்லை. படங்களை வைத்திருக்கும் வெளி யூஎஸ்பி டிஸ்கில் சூடோ சிஎச்ஜிஆர்பி கொடுத்தாலே "ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்".

---

கருந்திரை:

எம்வி ஒரே ஃபைல் சிஸ்டத்துக்குள் நடந்தால் கோப்பு புதிதாக உருவாவதில்லை. பெயர் மட்டும் இடம் மாறுகிறது, ஐநோடு (கோப்பின் உரிமையாளர், குழு, அனுமதி இருக்கும் பதிவு) அப்படியே இருக்கிறது, குழுவும் அதனோடு வருகிறது. செட்ஜிஐடி வேலை செய்வது கோப்பு உருவாகும்போது மட்டும்தான். வேறு ஃபைல் சிஸ்டத்துக்கு எம்வி செய்தால் நகலெடுத்து அழிக்கும், ஆனால் உரிமையாளர், குழு, அனுமதி எல்லாவற்றையும் முடிந்தவரை பழையபடி வைக்க முயலும். ஆகவே இரண்டு விதத்திலும் பழைய குழுதான். வெறும் சிபி செய்தால் புதுக் கோப்பு, டைரக்டரியின் குழு கிடைக்கும். சிபி -ஏ, சிபி -பி இரண்டும் பழையதைக் காப்பாற்றும், அவை வேண்டாம்.

கோப்புகளை ஒத்திசைக்கும் ஆர்சிங்க் கட்டளையில் -ஏ இதைவிட மோசம். -ஏவுக்குள் குழுவைக் காப்பாற்றும் விருப்பமும் அனுமதியைக் காப்பாற்றும் விருப்பமும் அடங்கும். மூலத்தில் 755 ஆக இருக்கும் டைரக்டரி சேருமிடத்தில் 2775 (முன்னால் உள்ள 2 செட்ஜிஐடி) ஆக இருந்தால், அதையும் 755 ஆக்கிவிடும்; செட்ஜிஐடி போய்விடும். ஒரு வாரம் சரியாக ஓடிய டைரக்டரி திடீரென்று கெடுவதற்கு ஆர்சிங்க் ஒரு பழக்கமான காரணம். இப்படிக் கொடுங்கள்:

ஆர்சிங்க் -ஆர்எல்டி --பெர்ம்ஸ் --குரூப் --சிஎச்ஓன்=:ஆசிரியர் --சிஎச்மாட்=டி2775,எஃப்664 படங்கள்/ /எஸ்ஆர்வி/மலர்/படங்கள்/

-ஆர்எல்டி மூன்றும் சின்ன எழுத்து, அதில் உள்ள டி டைம் என்பதன் முதல் எழுத்து. சமன்குறிக்குப் பின் வரும் டி, எஃப் இரண்டும் பெரிய எழுத்து. முன்னது டைரக்டரிக்கு, பின்னது கோப்புக்கு. ஆசிரியர் என்பதற்கு முன் முக்காற்புள்ளி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது பயனர் பெயராக எடுத்துக்கொள்ளப்படும். --சிஎச்ஓன் விருப்பம் ஆர்சிங்க் 3.1.0 முதல் உண்டு. தனியாகச் சிஎச்ஓன் கட்டளையிலும் இதே எழுத்துமுறைதான்: சிஎச்ஓன் :ஆசிரியர் கோப்பு என்பதும் சிஎச்ஜிஆர்பி ஆசிரியர் கோப்பு என்பதும் ஒன்றே. ஆனால் சிஎச்ஓன் கயல்: கோப்பு என்று பெயருக்குப் பின்னால் முக்காற்புள்ளி வைத்து நிறுத்தினால், உரிமையாளர் கயலாகவும் குழு கயலின் லாகின் குழுவாகவும் மாறும். ஒரு புள்ளியின் இடத்தால் பகிர்ந்த டைரக்டரி முழுவதும் தனியார் குழுவுக்குப் போய்விடும், பார்த்துத் தட்டுங்கள்.

யூஎஸ்பி டிஸ்க்: எல்எஸ்பிஎல்கே -எஃப் கொடுத்துப் பாருங்கள். விஃபேட் அல்லது எக்ஸ்ஃபேட் என்று காட்டினால், அந்த அமைப்பில் உரிமையாளர், குழு என்ற தகவலை எழுதி வைக்க இடமே கிடையாது. எல்லாக் கோப்புக்கும் ஒரே உரிமையாளர், ஒரே குழு. அதை மவுண்ட் செய்யும்போதுதான் சொல்ல முடியும். கெட்என்ட் குரூப் ஆசிரியர் கொடுத்தால் மூன்றாவது புலத்தில் குழுவின் எண் கிடைக்கும். அது 1005 என்று வைத்துக்கொள்வோம். டிஸ்கை முழுதாக அன்மவுண்ட் செய்துவிட்டு:

சூடோ மவுண்ட் -ஓ ஜிஐடி=1005,டிமாஸ்க்=0002,எஃப்மாஸ்க்=0113 /டெவ்/எஸ்டிபி1 /எம்என்டி/படங்கள்

சாதனத்தின் பெயர் உங்கள் எல்எஸ்பிஎல்கே காட்டுவதுபடி. டைரக்டரிகள் 775, கோப்புகள் 664 ஆகத் தெரியும்.

எக்ஸ்ட்4 டிஸ்கிலும் ரூட்டுக்கு இதே பிழை வந்தால் எல்எஸ்அட்டர் பாருங்கள். ஐ என்ற எழுத்து தெரிந்தால் யாரோ அந்தக் கோப்பைப் பூட்டியிருக்கிறார்கள். சூடோ சிஎச்அட்டர் -ஐ அதை எடுக்கும். ஏன் பூட்டினார்கள் என்று தெரிந்துகொண்டு எடுங்கள். என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழி இணைக்கும் டிஸ்க்) என்றால் கிளையன்ட்டின் ரூட்டை சர்வர் சாதாரணப் பயனராக மாற்றி எடுத்துக்கொள்வது இயல்பு அமைப்பு, குழுவை என்எஃப்எஸ் சர்வரிலேயே மாற்ற வேண்டும். சாதாரண முறையில் இணைக்கும் என்எஃப்எஸ் ஒரு பயனருக்கு 16 குழுக்கள் வரைதான் அனுப்பும் என்பதும் நினைவிருக்கட்டும். பதினேழாவது குழு ஆசிரியர் என்றால் உள்ளூர் சோதனையில் எல்லாம் சரியாகத் தெரிந்தும் அனுமதி கிடைக்காது.

---

நூல்கண்டு:

644 விஷயத்துக்கு வருகிறேன். குழு என்பது ஒன்று, அந்தக் குழுவுக்கு என்ன அனுமதி என்பது வேறொன்று. செட்ஜிஐடி முதலாவதை மட்டும் பார்த்துக்கொள்ளும். இரண்டாவது யூமாஸ்க் (புதுக் கோப்பில் எந்த அனுமதிகளைக் கழிப்பது என்று சொல்லும் எண்) கையில் இருக்கிறது. யூமாஸ்க் 022 என்றால் குழுவின் எழுதும் அனுமதி கழியும், 002 என்றால் கழியாது. ஷெல்லில் யூமாஸ்க் என்று தட்டினால் தெரியும். லினக்ஸ் வழங்கலுக்கு (டிஸ்ட்ரோ) வழங்கல் இது வேறுபடும், ஊகிக்க வேண்டாம். சிஸ்டம்டி சேவைகளுக்கு இயல்பாக 0022; சேவைக் கோப்பின் சர்வீஸ் பகுதியில் யூமாஸ்க்=0002 என்று சேர்த்தால் மாறும்.

எஸ்எஃப்டிபிக்கு எஸ்எஸ்எச்டி அமைப்புக் கோப்பில் சப்சிஸ்டம் வரியை இன்டர்னல்-எஸ்எஃப்டிபி -யூ 0002 என்று மாற்றலாம். ஆனால் யூமாஸ்க் கழிக்க மட்டுமே தெரிந்தது. அனுப்பும் மென்பொருள் தன் கணினியில் உள்ள 644 அனுமதியையும் சேர்த்து அனுப்பினால், 002 வைத்தும் 644தான் வரும். அனுப்பும் பக்கத்தில் 664 என்று அமைக்க வேண்டும், இல்லாவிட்டால் சர்வரில் அவ்வப்போது சரிசெய்யும் ஒரு வேலையை டைமரில் போட வேண்டும்.

பலர் இதற்கு இயல்பு ஏசிஎல் (பெயர் சொல்லித் தனித்தனியாக அனுமதி தரும் பட்டியல், டைரக்டரியில் பிறக்கும் கோப்புகளுக்குத் தானாகப் போகும்) வைப்பார்கள். நானும் அதையே பரிந்துரைக்கிறேன்:

சூடோ செட்எஃப்ஏசிஎல் -ஆர் -எம் ஜி:ஆசிரியர்:ஆர்டபிள்யூஎக்ஸ் /எஸ்ஆர்வி/மலர்

சூடோ செட்எஃப்ஏசிஎல் -ஆர் -டி -எம் ஜி:ஆசிரியர்:ஆர்டபிள்யூஎக்ஸ் /எஸ்ஆர்வி/மலர்

-ஆர், எக்ஸ் இரண்டும் பெரிய எழுத்து, மற்றவை சின்னவை. இயல்பு ஏசிஎல் உள்ள டைரக்டரியில் யூமாஸ்க் கணக்கில் வராது. எந்த நிரல் எந்த யூமாஸ்கோடு ஓடினாலும், கோப்பை 666 கேட்டு உருவாக்கினால் குழுவுக்கு எழுதும் அனுமதி நிற்கும். வெளியே காட்டக்கூடாத வரைவுகள் டைரக்டரி இருந்தால், அங்கே மற்றவர்களுக்கான அனுமதியை முழுதாக எடுத்துவிட்டு, முன்னோட்டம் காட்டும் நிரலின் பயனருக்கு மட்டும் படிக்கும் உரிமை தரவும் ஏசிஎல் உதவும். சாதாரண அனுமதிகளால் அது முடியாது.

---

ஆணிவேர்:

ஏசிஎல் பற்றி நூல்கண்டு சொல்வதில் எனக்குப் பாதி உடன்பாடு. யூமாஸ்கைத் தாண்டும் என்பது உண்மை. ஆனால் 644 கேட்டு உருவாக்கப்படும் கோப்புக்கு ஏசிஎல்லும் கைகொடுக்காது. உருவாக்கும்போது கேட்ட குழு அனுமதி ஏசிஎல்லின் மாஸ்க் (அதிகபட்ச வரம்பு) ஆகிவிடும். கெட்எஃப்ஏசிஎல் கொடுத்தால் ஆசிரியர் குழுவுக்கு ஆர்டபிள்யூஎக்ஸ் என்று எழுதியிருக்கும், பக்கத்திலேயே நடைமுறையில் ஆர் மட்டும் என்று காட்டும். எஸ்எஃப்டிபியில் வந்த 644 கோப்பும், 644 கோப்பை சிபி செய்ததும் இப்படியே சிக்கும்.

இன்னொன்று, ஏசிஎல் வந்த பிறகு எல்எஸ் -எல் காட்டும் நடு மூன்று எழுத்துகள் குழுவின் அனுமதி அல்ல, மாஸ்க். வரிசையின் கடைசியில் கூட்டல் குறி இருந்தால் அதை நம்பாமல் கெட்எஃப்ஏசிஎல் பார்க்க வேண்டும். அப்போது யாராவது சிஎச்மாட் ஜி-டபிள்யூ கொடுத்தால் மாஸ்க் சுருங்கி, ஏசிஎல்லில் பெயர் சொல்லித் தந்த எல்லாருக்கும் எழுதும் உரிமை ஒரேயடியாகப் போகும். சிஎச்ஜிஆர்பி செய்தால் ஏசிஎல்லில் உள்ள பெயர்கள் மாறாது, பழைய குழு அங்கே உட்கார்ந்தே இருக்கும். மூன்று பேர், ஒரு குழு, ஒரு டைரக்டரி என்ற அளவுக்கு செட்ஜிஐடியும் 002ம் போதும் என்பது என் கருத்து. இரண்டாவது குழு ஒன்று வேறு விதமான உரிமையோடு வரும்போது ஏசிஎல்லுக்குப் போகலாம்.

---

இரவுப்பணி:

-ஆர் பற்றி எச்சரிக்கை யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஆர்எம் கட்டளை / ஐ மொத்தமாக அழிக்க விடாது, இயல்பாகவே தடுக்கும். சிஎச்ஜிஆர்பி, சிஎச்ஓன், சிஎச்மாட் மூன்றிலும் அந்தத் தடுப்பு இயல்பாக இல்லை. --பிரிசர்வ்-ரூட் என்று நாமே கொடுக்க வேண்டும். ஸ்கிரிப்டில் டைரக்டரிப் பெயரை மாறியில் வைத்து, பின்னால் ஒரு / சேர்த்து எழுதியிருந்தால், மாறி காலியாகும் நாளில் மொத்த சிஸ்டத்தின் குழுவும் மாறும். குழு மாறுவதோடு நிற்காது. செட்யூஐடி பிட் அழியும் என்று ஆணிவேர் மேலே சொன்னாரே, அது /யூஎஸ்ஆர்/பின்/சூடோவுக்கும் பொருந்தும். கட்டளை முடிவதற்குள் சூடோ செத்துவிடும், சரிசெய்ய உள்ளே நுழையும் வழியும் போய்விடும். ஆர்பிஎம் வழங்கல்களில் ஆர்பிஎம் --செட்யூஜிஐடிஎஸ் -ஏ, அதற்குப் பிறகு ஆர்பிஎம் --செட்பெர்ம்ஸ் -ஏ என்று ஓரளவு மீட்கலாம், இந்த வரிசையிலேயே. உபுண்டு, டெபியனில் அதற்கு நேரான கட்டளை இல்லை.

பழைய பேஷில் சிஎச்ஜிஆர்பி -ஆர் ஆசிரியர் .* என்று மறைகோப்புகளுக்காகத் தட்டினால், அந்த வடிவத்தில் .. என்ற மேல் டைரக்டரியும் சிக்கி, ஒரு படி மேலே ஏறிப் போய் மாற்றும். பேஷ் 5.2 முதல் இயல்பாக அப்படிச் சிக்காது. உபுண்டு 22.04இல் இருப்பது 5.1. டைரக்டரியின் பெயரைக் கொடுத்தாலே மறைகோப்புகளும் சேர்ந்து மாறும், நட்சத்திரக் குறியே தேவையில்லை.

சிம்லிங்க்: தனிக் கோப்பாகக் கொடுத்தால் சிஎச்ஜிஆர்பி லிங்க் காட்டும் இலக்கை மாற்றும், லிங்கையே மாற்ற -எச் வேண்டும், சின்ன எழுத்து. -ஆர் போகும்போது வழியில் காணும் லிங்குகளுக்குள் நுழையாது. பெரிய எழுத்தில் -எல் சேர்த்தால் நுழையும், உள்ளே ஏதோ ஒரு லிங்க் /இடிசி டைரக்டரியைக் காட்டினால் அதுவும் மாறும். ஹார்டு லிங்குகளுக்கு விலக்கே இல்லை: ஐநோடு ஒன்று, குழுவும் ஒன்று, எல்லாப் பெயரிலும் மாறிவிடும்.

ஆகவே பெரிய மரத்தில் கை வைக்கும் முன் நிலைமையைப் பதிந்துவைப்பது நல்லது:

சூடோ கெட்எஃப்ஏசிஎல் -ஆர் -பி /எஸ்ஆர்வி/மலர் > மலர்-முன்பு.டிஎக்ஸ்டி

ஆர் பெரியது, பி சின்னது. ஏசிஎல் எதுவும் பயன்படுத்தாவிட்டாலும் இது உரிமையாளர், குழு, அனுமதி, செட்ஜிஐடி எல்லாவற்றையும் எழுதிவைக்கும். திரும்பப் போக சூடோ செட்எஃப்ஏசிஎல் --ரிஸ்டோர்=மலர்-முன்பு.டிஎக்ஸ்டி.

மாற்ற வேண்டியதை மட்டும் மாற்றுவது இன்னும் நல்லது:

சூடோ ஃபைண்ட் /எஸ்ஆர்வி/மலர் ! -குரூப் ஆசிரியர் -எக்செக் சிஎச்ஜிஆர்பி -எச் ஆசிரியர் {} +

-எக்செக் பகுதிக்குப் பதில் -எல்எஸ் போட்டு முதலில் பட்டியலைப் பாருங்கள். எம்வி வழியாக வந்து சேரும் கோப்புகளைத் தினமும் சரிசெய்ய இதே கட்டளையை டைமரில் வைக்கலாம். சிஎச்ஜிஆர்பி -ஆர், ஏற்கெனவே சரியான குழுவில் இருக்கும் கோப்பையும் மீண்டும் தொடும், சிடைம் (கோப்பின் விவரங்கள் கடைசியாக மாறிய நேரம்) புதுப்பிக்கப்படும். போர்க், ரெஸ்டிக் போன்ற பேக்கப் கருவிகள் சிடைமைப் பார்த்துக் கோப்பு மாறியதாக எண்ணி, மறுபடி முழுதும் படிக்கும். படங்கள் நூற்றுக்கணக்கான ஜிபி இருந்தால் அன்றைய பேக்கப் விடிந்தும் முடியாது.

---

கருந்திரை:

அந்த டைரக்டரிக்குள் கிட் ரெப்போ இருந்தால் கூடுதலாக ஒன்று: கிட் கான்ஃபிக் கோர்.ஷேர்டுரெப்பாசிட்டரி குரூப். இது இல்லாவிட்டால் யூமாஸ்க் 022 உள்ள ஒருவர் புஷ் செய்ததும் ஆப்ஜெக்ட்ஸுக்குள் புதிதாக வரும் டைரக்டரிகளில் மற்றவர் எழுத முடியாமல் போகும். கோர் என்பதற்குப் பின் உள்ள சொல்லைப் பெரிய, சின்ன எழுத்து எப்படியும் தட்டலாம். புது ரெப்போ என்றால் கிட் இனிட் --ஷேர்டு=குரூப் போதும். "டூபியஸ் ஓனர்ஷிப்" என்ற பிழை வந்தால் அதைக் குழுவை மாற்றித் தீர்க்க முடியாது. 2022 ஏப்ரலில் வந்த கிட் 2.35.2 முதல் ரெப்போவின் உரிமையாளர் யார் என்று கிட் பார்க்கிறது, குழுவைப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு பயனரும் கிட் கான்ஃபிக் --குளோபல் --ஆட் சேஃப்.டைரக்டரி /எஸ்ஆர்வி/மலர் என்று தன் கணக்கில் ஒருமுறை கொடுக்க வேண்டும்.

---

வைகைக்கரை:

ஃபைண்ட் பட்டியலில் சில கோப்புகளுக்குக் குழுப் பெயர் வராமல் 1014 என்று எண் மட்டும் வருகிறது. பழைய சர்வரிலிருந்து டார் வழியாக வந்தவை. பெயர் இல்லாததை எப்படிப் பிடிப்பது?

---

ஆணிவேர்:

டிஸ்கில் எழுதப்படுவது எப்போதும் எண்தான்; பெயர் எல்எஸ் பார்த்துச் சொல்வது. 1014க்கு இந்தச் சர்வரில் பெயர் இல்லை. ஃபைண்ட் /எஸ்ஆர்வி -நோகுரூப் கொடுத்தால் இப்படி அநாதையாக நிற்கும் எல்லாம் வரும். இந்த ஒரு எண்ணை மட்டும் மாற்ற:

சூடோ ஃபைண்ட் /எஸ்ஆர்வி/மலர் -ஜிஐடி 1014 -எக்செக் சிஎச்ஜிஆர்பி -எச் ஆசிரியர் {} +

விட்டுவைக்காதீர்கள். நாளை புதுக் குழு ஒன்று உருவாக்கும்போது அதற்கு 1014 கிடைத்தால், இந்தக் கோப்புகள் எல்லாம் அந்தக் குழுவினர் கைக்குப் போய்விடும். குரூப்மாட் -ஜி கொடுத்து ஒரு குழுவின் எண்ணை மாற்றும்போதும் இப்படித்தான் நடக்கும். குழுப் பட்டியலில் எண் மாறும், கோப்புகளில் பழைய எண்ணே நிற்கும். இனி டாரை ரூட்டாக விரிக்கும்போது --நோ-சேம்-ஓனர் சேர்த்துக்கொள்ளுங்கள், பழைய சர்வரின் எண்கள் உள்ளே வராது.